உரும்பிராய்க் கடன்

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் நமது பள்ளிவாசல்களில் ஓர் அறிவித்தல் செய்யப்படுவதை வாசகர்கள் அறிவீர்கள். "மர்ஹூம் அவர்கள் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளைகளாகிய எங்களோடு தொடர்பு கொள்ளுங்கள். நாங்கள் பொறுப்பேற்றுக் கொள்கிறோம்" என்று வாரிசுகளில் ஒருவர் எழுந்து சொல்வார். பெரும்பாலும் அதை ஒரு சம்பிரதாயமாகவே கேட்டுவிட்டு ஸப்பில் நிற்கிறோம்.

2008ஆம் ஆண்டு புத்தளத்தில் எனது வாப்பாவின் ஜனாஸாவில் அந்த வார்த்தைகளைச் சொல்ல எழுந்தவன் நான். சொல்லும்போது என் மனதில் ஓர் ஊரின் பெயர் வந்து நின்றது. அது நாங்கள் பிறந்த சோனகத் தெரு அல்ல. யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் சில மைல் தூரம் போனால் வருகின்ற உரும்பிராய்.

இந்தப் பக்கத்தில் வியாபாரத்தைப் பற்றி எத்தனையோ பேரின் அனுபவங்களை வாசித்திருப்பீர்கள். இம்முறை எனது வீட்டுக் கணக்கொன்றைச் சொல்கிறேன். எனக்கும் வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

யுத்த காலத்தில் ஒரு லொறி

வாப்பா 1924இல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் இலங்கையைத் தொட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதற்குச் சற்று முன்னர் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. நாடெங்கும் கூப்பன் அரிசி, கோதுமை மா என்று வயிற்றைக் கட்டிய காலம் அது.

அந்த யுத்த காலத்தில்தான் பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஒரு விமானத்தளத்தை அமைத்தது. அதற்குக் கல் ஏற்றிய லொறியொன்றில் வாப்பா முதலில் கிளீனராகவும் பிறகு சாரதியாகவும் வேலை செய்தார். துப்பாக்கி பிடித்தவரல்ல, சீருடை அணிந்தவரும் அல்ல. ஆனாலும், "நான் யுத்த காலத்தில சேவையில இருந்தவன்" என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லுவார். நாங்கள் சிரித்தால் கோபம் வரும்.

யுத்தத்தில் சேவை என்பது போர்முனை மட்டுமல்ல என்பதற்கு எங்கள் பக்கத்தில் பெரிய உதாரணமே உண்டு. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். அதே 1942இல் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அவர். ஒருவர் வயலைப் பெருக்கினார், ஒருவர் கல் ஏற்றினார் என்று வாப்பா இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவார்.

பலாலிக்குப் போகும் வழி உரும்பிராய்க்கூடாகத்தான். ஒரு நாள் உச்சி வெயிலில் லொறி அங்கே நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து லொறிக்கும் ஊற்றினார், வாப்பாவுக்கும் கொடுத்தார். பின்னேரம்வரை தன் வீட்டுத் திண்ணையில் இருத்தி வைத்திருந்தார். அந்த வீட்டுப் பையன் வாப்பாவின் வயதுக்காரர். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். அவர் வாப்பாவை "நானா" என்பார். வாப்பா அவரை "அண்ணை" என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இருவருக்குமே சரியாகத் தெரியாது.

செம்மண்ணும் நாலாம் குறுக்குத் தெருவும்

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வாப்பா ஒரு பழைய லொறியைச் சொந்தமாக வாங்கினார். பெரிய கடைப் பக்கத்தில் ஒரு சிறிய கடையும் வந்தது. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் என்று செம்மண் ஊர்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் எடுத்துக் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஏற்றுவதுதான் தொழில்.

உரும்பிராய்ச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு இல்லை, குளத்துப் பாய்ச்சல் இல்லை, கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். துலா மிதித்து இறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் மெசின் வந்த பிறகு தோட்டங்கள் இன்னும் விரிந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அந்த மண் பொன்னாய் விளைந்தது. தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள். வாப்பாவும் இரண்டாவது லொறி வாங்கினார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை இறங்கியது. அந்த இறக்கத்திலும் எங்களை விட்டுப் போகாத தோட்டக்காரர்களில் உரும்பிராய் அண்ணையும் ஒருவர்.

எங்கள் கொள்வனவு இரண்டு விதமாக நடந்தது. ஒன்று கொமிசன். தோட்டக்காரரின் சாமானைக் கொண்டுபோய் விற்று, நமது கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. இலாப நட்டம் அவருடையது. மற்றது விலை பேசி எடுப்பது. தோட்டத்திலேயே அந்தருக்கு இவ்வளவு என்று முடித்து ஏற்றிவிட்டால் அதன் பிறகு சாமான் நமது, இலாப நட்டமும் நமது, விலை நமது தலையில் கடன். ஒவ்வொரு முறையும் எந்த விதம் என்பதைக் கடைக் கொப்பியில் ஒரு வரி எழுதி வைப்போம். அந்தக் கொப்பி எனது பொறுப்பு. இந்த ஒரு வரிதான் பின்னர் என்னைப் பல வருடங்கள் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை

1990 மே மாதக் கடைசியில் உரும்பிராய் அண்ணையிடம் 42 அந்தர் வெங்காயம் எடுத்தோம். லொறி கொழும்பு போய்ச் சேர்ந்தது. முற்பணமாகக் கொடுத்தது போக அண்ணைக்குச் சேர வேண்டிய மீதி 18,400 ரூபா. ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கிப் பாதை அடைபட்டது. கொழும்புப் பணம் சுற்றிச் சுழன்று ஒக்டோபர் தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. வாப்பா அதை எண்ணிக் கடிதவுறையில் போட்டு, "உரும்பிராய்" என்று எழுதி, வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தார்.

"தம்பி, சைக்கிளில போய் அண்ணையிட்டைக் குடுத்திட்டு வா" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். குண்டு வீச்சு, ஷெல் என்று பயந்த காலம். பயமும் உண்டு, சோம்பலும் உண்டு. "வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போறன் வாப்பா" என்றேன்.

அதற்கு முன் செவ்வாய்க்கிழமை வந்தது. 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து எங்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். நகையும் பணமும் கொண்டுபோக அனுமதியில்லை, வழிச் செலவுக்குச் சில நூறு ரூபா மட்டும். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, லொறி, இரும்புப் பெட்டி, கடைக் கொப்பிகள், "உரும்பிராய்" என்று எழுதிய கடிதவுறை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அமானிதமா, கடனா?

புத்தளம் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் எங்கள் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. தாங்களே நெருக்கடியில் இருந்தும் எங்களுக்கு இடம் தந்த புத்தளத்து மக்களின் உபகாரத்தை நாங்கள் மறக்கவில்லை. அறுபத்தாறு வயதில் வாப்பா சாக்கு விரித்து மரக்கறி விற்றார். பிறகு கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயம் எடுக்கத் தொடங்கினார். மணல் தரையில் கிணற்று நீரால் விளையும் வெங்காயம். "மண்தான் வேறை, வேலை ஒண்டுதான்" என்பார்.

கொட்டிலின் மூலையில் ஒரு பால்மா டின் இருந்தது. கையில் எது வந்தாலும் அதிலிருந்து ஐந்தோ பத்தோ அதற்குள் விழும். உம்மா ஒரு நாள் மருந்துக்காக அதைத் தொடப் போனபோது, "அது எங்கட காசில்லை. உரும்பிராய்க் காசு" என்றார்.

எனக்கு மட்டுமல்ல, பலருக்கும் அது விளங்கவில்லை. "எங்களைத் துரத்தினாங்கள். எங்கட சொத்தெல்லாம் அங்கை கிடக்கு. இதுக்குள்ள அவங்களுக்கு என்ன கடன்?" என்று கொட்டிலடியில் இருந்தவர்கள் கேட்டார்கள். வாப்பா சொன்ன பதில் ஒன்றுதான்: "துரத்தினது தோட்டக்காரன் இல்லை."

நான் வேறு வழியால் வந்தேன். மௌலவி ஒருவரிடம் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். ஒருவருக்காக அவரது சாமானை விற்றுக் கொடுக்கும் முகவரின் கையில் இருக்கும் பணம் அமானிதம். அவரது கவனக்குறைவு இல்லாமல் அது பறிபோனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் விலைக்கு வாங்கியவர் கொடுக்க வேண்டியது கடன். அவரது பெட்டி களவு போனாலும் எரிந்து போனாலும் கடன் கடன்தான்.

"அப்ப, அந்த வெங்காயம் எந்த விதத்தில எடுத்தது?" என்று மௌலவி கேட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். "நீதானே கொப்பி எழுதினது. என்னெண்டு எழுதினாய்?"

அந்தக் கொப்பி உலகத்தில் இல்லை. அண்ணை எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாண வயது. கொமிசன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த டின்னில் இருப்பது எங்கள் காசாகிவிடும். பொய் சொல்ல நா வரவில்லை. உண்மை சொல்லவும் மனம் வரவில்லை.

"ஞாபகமில்லை வாப்பா" என்றேன்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மௌலவியிடம், "எனக்கு ஞாபகம் இருக்கு. விலை பேசித்தான் எடுத்தனான். அதுமட்டுமில்லை, காசு வந்து மூண்டு கிழமை என்ரை பெட்டியில கிடந்தது. அது என்ரை பிழை" என்றார். போய்க் கொடுக்கச் சொல்லி என்னிடம் இரண்டு தடவை சொன்னதை அவர் அங்கே சொல்லவில்லை.

உங்களுக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கட்டளை சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனத்தில் இருப்பதை நான் பல தடவை ஓதியிருக்கிறேன். கொப்பியும் இல்லாமல், கேட்பவரும் இல்லாமல், தனக்கெதிராகத் தானே ஒருவர் சாட்சி சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடத்து வட்டியில்லாக் கணக்கு

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. சில மாதங்கள் பொறுத்துப் போவோம் என்றேன். "நீ முந்தியும் பிந்திப் போவம் எண்டுதான் சொன்னாய்" என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

போவதற்கு முன்னர் ஒரு கேள்வி இருந்தது. எவ்வளவு கொடுப்பது? 1990இல் ஒரு டொலர் சுமார் 40 ரூபா. 2002இல் சுமார் 95 ரூபா. அன்றைய 18,400 ரூபாவுக்கு வாங்கியதை அதே தொகைக்கு இப்போது வாங்க முடியாது. மீண்டும் மௌலவியிடம் போனோம். காசுக் கடன் எண்ணிக்கைக்கு எண்ணிக்கைதான் திருப்பப்பட வேண்டும், விலைவாசியோடு அதைக் கட்டிவைக்கக் கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்திருப்பதை அவர் சொன்னார். அதேநேரம் முன்கூட்டிய நிபந்தனை எதுவுமின்றி, கொடுப்பவர் தன் விருப்பத்தில் கூடுதலாகக் கொடுப்பது வட்டியல்ல. நபி (ஸல்) அவர்கள் தாம் பட்ட ஒட்டகக் கடனுக்கு அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வாப்பா இரண்டு கடிதவுறைகள் எடுத்தார். ஒன்றில் 18,400. மற்றதில் 25,000.

ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை, யன்னலில்லை. நடு அறையில் மரம் முளைத்திருந்தது. வாப்பா வாசலில் நின்று பார்த்தார், உள்ளே போகவில்லை. "முதல்ல உரும்பிராய்க்குப் போவம்" என்றார்.

உரும்பிராயும் பட்டது கொஞ்சமல்ல. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் பலாலி வீதியால் நகரை நோக்கி வந்தபோது அங்கே பொதுமக்கள் பலர் உயிரிழந்தார்கள். நாங்கள் வெளியேறிச் சரியாக ஐந்து வருடங்களில், 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அந்த இடப்பெயர்வில் அண்ணை நோய்ப்பட்டுக் காலமாகியிருந்தார். மகன் கனடாவில். வீட்டில் அண்ணையின் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

அக்கா வாப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தேத்தண்ணீர் வந்தது. வாப்பா முதலாவது கடிதவுறையை எடுத்து, மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு, கணக்கைச் சொல்லி, எண்ணிக் கொடுத்தார்.

அக்கா காசைப் பார்க்கவில்லை. "அவர் ஒரு நாளும் நானா தரேல்லை எண்டு சொன்னவரில்லை. அதுகளையே உடுத்த உடுப்போட அனுப்பிப்போட்டாங்கள், அதுகளிட்டை என்னத்தைக் கேக்கிறது எண்டுதான் சொல்லுவார். நாங்கள் அதை எப்பவோ விட்டிட்டம்" என்றார்.

"நீங்கள் விட்டது உங்கட நல்ல மனம். நான் தாறது என்ரை பாரம்" என்றார் வாப்பா. பிறகு இரண்டாவது கடிதவுறை.

"இது என்ன கணக்கு?"

"இது கணக்கில்லை அக்கா. கணக்கு முடிஞ்சுது. இது சுணங்கினதுக்கு நான் தாறது. மனப்பூர்வமா எடுத்துக்கொண்டு, சுணங்கினதை மன்னிச்சிடுங்கோ."

அக்கா அதை வாங்கத் தயங்கினார், மகள்தான் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது எங்கள் கையில் ஒரு பை வெங்காயம் இருந்தது. வாப்பா அதைப் புத்தளம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வியாபாரிகளுக்கு மூன்று சொல்

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. அனந்தரச் சொத்துப் பங்கிடப்படுவதற்கு முன்னர் கடன் கொடுபட வேண்டும் என்பது சூரா அந்நிஸாவில் வரும் கட்டளை. கடன் கொடுத்தவர் எந்த மதத்தவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வபாத்தானபோது அவர்களது கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். எனது அனுபவத்திலிருந்து மூன்றை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, தொகையை மட்டும் எழுதாதீர்கள். கொமிசனா, விலைக்கு எடுத்ததா, பங்கா என்பதையும் எழுதுங்கள். பிரச்சினை வரும் நாளில் தீர்ப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கும்.

இரண்டாவது, கொப்பியைக் கடையில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது கணக்கைச் சொல்லி வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் கடையும் கொப்பியும் இல்லாமல் போகலாம் என்று நாங்களும் நினைத்திருக்கவில்லை.

மூன்றாவது, கையில் காசு இருந்தால் வெள்ளிக்கிழமைவரை வைத்திருக்காதீர்கள். கடன்காரர் உயிரோடு இல்லையென்றால் வாரிசுகளைத் தேடுங்கள். எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்காவிட்டால் அவர்கள் பெயரில் ஸதகா செய்துவிட்டு, பின்னர் உரியவர் வந்தால் கொடுக்கத் தயாராக இருங்கள் என்பதே உலமாக்கள் காட்டும் வழி.

வடக்கு முஸ்லிம்கள் இழந்த சொத்துக்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டும். அந்த நியாயம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு வர வேண்டியதைக் காட்டி, நாங்கள் கொடுக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ள வாப்பா ஒரு நாளும் சம்மதிக்கவில்லை.

2008இல் அந்த ஜனாஸாவில் நான் அறிவித்தலைச் சொல்லி முடித்தேன். ஒருவரும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எனது கணக்கில் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் கொப்பியில் நான் எழுதிய வரி எனக்கு ஞாபகமிருந்தது. மௌலவியின் முன்னால் வாப்பா கேட்டபோதும் ஞாபகமிருந்தது. "42 அந்தர், விலை பேசி எடுத்தது." எனது கையெழுத்து. இதை வாப்பாவிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தும் கேட்காமல் விட்டிருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து வருடம்போல் கிடைத்தது, நான் அதையும் பிந்திப் போவம் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் உங்கள் முன்னிலையில் இப்போது எழுதி வைக்கிறேன்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அவரது நற்கருமங்களை ஏற்றுக்கொள்வானாக. எங்களையும் கடனோடு தன்னிடம் அழைக்காமல் இருப்பானாக. ஆமீன்.